நிதானம் பிளக் வாங்குகிறார்

ஒரு ஜோடி ஸ்பார்க் பிளக் வாங்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? என் கடையில் நம்பரைச் சொன்னால் டிராயரைத் திறந்து எடுத்து வைப்பேன். பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற காரியம். என் அண்ணனுக்கு மட்டும் அது ஒரு முழு மத்தியானம். அன்றைக்கும் மனசு வராவிட்டால் மறுநாளும் வருவான்.

படகுத்துறையில் அவனுக்கு நிதானம் என்று பேர். யார் வைத்தார்களோ, அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். சட்டைக்குப் பித்தான் போடும்போதுகூட மேலிருந்து ஆரம்பிப்பதா கீழிருந்து ஆரம்பிப்பதா என்று நின்று யோசிக்கிற பிறவி. கேட்டால், "பதறாத காரியம் சிதறாது, பாப்பா" என்பான். எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது, இன்னும் அவனுக்கு நான் பாப்பாதான். "சிதறணும்னா முதல்ல காரியத்தை ஆரம்பிக்கணும் அண்ணா" என்பேன். சிரிப்பான். கோபப்படவும் அவனுக்கு நேரம் பிடிக்கும்.

அண்ணனை நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன், அண்ணியை அவர் இவர் என்பேன். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அண்ணியைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் வாயில் வரும்.

அண்ணனுக்குப் படகு ஓட்டுகிற தொழில். எங்கள் துறைக்கு முன்னால் ஆறு நன்றாக அகன்று கிடக்கிறது. அக்கரையில் டவுன், மார்க்கெட், ஆஸ்பத்திரி எல்லாம். பாலம் ஒன்று இருக்கிறது, எங்கேயோ. அதைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தால் காலைப்பொழுது காலி. அதனால் இக்கரைக்காரர்கள் படகைத்தான் நம்புகிறார்கள். அண்ணன் படகின் பின்பக்கம் மாட்டியிருக்கிற அவுட்போர்டு மோட்டாருக்கு அவனுடைய மூத்த மகனைவிட வயது அதிகம். இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். புதுசு வாங்கச் சொல்லி மகன்கள் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "இது என் கைக்குப் பழகினது" என்று ஒரே பதில். துறையில் இன்னொரு படகுக்காரன் இருக்கிறான், ராக்கெட் என்று பட்டப்பெயர். அவன் மோட்டார் புத்தம் புதுசு, பட்டனை அமுக்கினால் கிளம்பும். ஆனால் ராக்கெட்டைக் கிளப்பத்தான் பட்டன் இல்லை. வெயில் முகத்தில் அடிக்கிறவரை தூங்குவான். அதனால் விடிகாலை முதல் டிரிப் எப்போதும் அண்ணனுடையது.

அந்த முதல் டிரிப்பில் ஏறுகிறது ஒரே ஒரு ஆள். என் அண்ணி.

அண்ணி அக்கரை ஆஸ்பத்திரியின் சமையலறைக்குப் பொறுப்பு. டாக்டர்கள் வார்டைச் சுற்ற வருவதற்கு முன்னால் அத்தனை நோயாளிகளுக்கும் பாலும் ரொட்டியும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சர்க்கரைக்காரருக்குத் தனி, உப்பு ஆகாதவருக்குத் தனி, மெல்ல முடியாதவருக்குத் தனி. அண்ணி போய் ஸ்டோர் ரூமைத் திறந்தால்தான் அடுப்பே எரியும்.

சில மாதங்களாக அண்ணனுடைய மோட்டார் நடு ஆற்றில் நின்று தொலைக்க ஆரம்பித்தது. அதுவும் சொல்லிவைத்த மாதிரி முதல் டிரிப்பில். அண்ணன் கயிற்றை இழுப்பான், இழுப்பான், இழுத்துக்கொண்டே இருப்பான். பிளக்கைக் கழற்றித் துடைப்பான். மறுபடி இழுப்பான். அண்ணி போய்ச் சேரும்போது வார்டில் டம்ளரைத் தட்ட ஆரம்பித்திருப்பார்கள். மேலதிகாரியம்மா முதல் தடவை சும்மா பார்த்தாராம். அடுத்த தடவை காரணம் கேட்டாராம். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னாராம். சமையலறைக்குப் பின்னால் ஒரு ரூம் காலியாக இருக்கிறது. கட்டில், ஃபேன், ஜன்னல் எல்லாம் உண்டு. அங்கேயே தங்கிக்கொள்ளலாம், லீவு நாளில் மட்டும் வீட்டுக்குப் போய் வரலாம். மாதம் முடிவதற்குள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும்.

அண்ணி இதைச் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொல்லி, எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றிருக்கிறார். மகன்கள் இரண்டு பேரும் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே "நல்லதுதானேம்மா" என்றார்களாம். மருமகள், "அலைச்சல் மிச்சம் அத்தை" என்றாளாம். அண்ணனா? அவன் என்றைக்கு வீட்டில் வாயைத் திறந்தான்? கல்லுளிமங்கன் மாதிரி தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறான்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு வந்துவிட்டான்.

எங்கள் கடை என்பது ஆளுயர அலமாரிகளுக்கு நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான். முன்னால் நான், ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம். பின்னால் தகரக் கொட்டகையில் என் வீட்டுக்காரர், மோட்டார் ரிப்பேர். அண்ணன் உள்ளே வந்து, கர்ச்சீப்பை மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு முனையாகப் பிரித்தான். உள்ளே இரண்டு பழைய பிளக்.

"பாப்பா, இந்தத் தடவையாவது சரியான பிளக்கா பாத்துக் கொடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை தடவை என்ன, தப்பான பிளக்கா கொடுத்தேன்? நீயே பாத்து, நீயே தடவி, நீயே பொறுக்கி எடுத்துட்டுப் போன. பழி மட்டும் எனக்கா?"

"கத்தாத. அவ ரூம் எடுத்துக்கறேங்கறா."

சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தான். என் அண்ணன் ஆயிரம் பேசாதவனாக இருக்கட்டும், அண்ணி இல்லாத வீட்டில் அவன் என்ன செய்வான்? அவனுக்குப் பசிக்கிறது என்பதே அண்ணி சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டேன், டிராயரைத் திறந்தேன்.

பழைய மோட்டாருக்கு பிளக் பொறுக்குவது லேசான வேலை இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் மூடிக்கு உள்ளே எந்த பிளக் என்று கம்பெனிக்காரன் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். அது ஈரக் காற்றிலும் ஆயிலிலும் எப்போதோ அழிந்துவிட்டது. அந்த நம்பரில் இப்போது பிளக் வருவதும் இல்லை. அதற்கு ஈடாக நாலைந்து வருகிறது. எல்லாம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றைப் போட்டால் மோட்டார் ஓடும், இன்னொன்றைப் போட்டால் மோட்டாரே போய்விடும்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

"இது கொஞ்சம் நீளமா, நல்லா உள்ள எட்டும் போலிருக்கே. இதுல பொறி பலமா வருமா?"

பிடுங்கினேன். "எட்டும், எட்டும். உள்ள எட்டி பிஸ்டன் தலையில இடிக்கும். மரை நீளம் பழசோட சரியா ஒத்துப் போகணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப இது?"

"அது மரை சின்னது. மிச்ச இடத்துல கரி போய் உக்காந்துக்கும். அப்புறம் சரியான பிளக் போடலாம்னு போனா ஏறாது."

"இதுல ஒரு எழுத்து கூட இருக்கே?"

"அது ரேடியோ இரையாம இருக்கறதுக்கு. உன் படகுல ரேடியோ இருக்கா?"

"இல்ல."

"அப்ப விடு."

விடவில்லை. அந்த எழுத்து எதற்காக இருக்கும், இருந்தால் கெடுதலா, இல்லாவிட்டால் நல்லதா என்று அரைமணி. அதற்குள் ஒரு வலைக்காரர் வந்து கயிறு வாங்கிப் போனார். ஒருவர் ஆயில் வாங்கிப் போனார். ஒருவர் சும்மா வந்து நிதானத்தை எட்டிப் பார்த்து, "இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவன் கொண்டுவந்த பழைய பிளக்குகளை எடுத்து ஒரு காகிதத்தில் தலைகீழாகத் தட்டினேன். இரண்டுக்கும் வாய் கன்னங்கரேல் என்று இருந்தது. ஆயில் பிசுக்கு வழிந்தது. நன்றாக ஓடுகிற மோட்டாரில் பிளக்கின் வாய் காபித் தூள் நிறத்தில் காய்ந்து இருக்க வேண்டும். ரொம்பச் சூடானால் வெளுத்துப் போகும். இப்படிக் கறுத்து நனைந்து கிடந்தால், எரிய வேண்டிய ஆயில் எரியாமல் தங்கிவிட்டது என்று அர்த்தம்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று பின்பக்கம் குரல் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிளக்கைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "மச்சான், ஆயில் அளவு கூட ஊத்தறீங்களா?"

"அளந்துதான் ஊத்தறேன்."

அது உண்மைதான். அண்ணன் ஆயில் அளக்கிற அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். நாள் பூரா அளப்பான்.

"கார்புரேட்டர் நான்தான் கழுவினேன். அதுல ஒரு குறையும் இல்ல. அப்ப ஒண்ணுதான் இருக்கு. ரொம்ப மெதுவா ஓட்டறீங்க. மெதுவா ஓட்டினா உள்ள சூடு ஏறாது, ஆயில் எரியாது, பிளக் அடைச்சுக்கும்."

"நானா? மெதுவாவா?" என் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் அவ்வளவு சீக்கிரம் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "முழு முறுக்கு முறுக்கித்தான் ஓட்டறேன்! வேணும்னா வர்றவங்களைக் கேட்டுப் பாருங்க!"

அதுவும் உண்மை. பகலில் அவன் படகில் நானே போயிருக்கிறேன். நடையிலும் பேச்சிலும்தான் நிதானம், தண்ணீரில் ஆளே வேறு. ராக்கெட்டுக்குச் சளைக்காமல் விரட்டுவான். என் வீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் கடைசியில் நான் ஆரம்பத்திலேயே எடுத்து வைத்த அதே ஜோடியை எடுத்துக்கொண்டான். கேஜ் தகட்டை வைத்து, பொறி விழுகிற இடைவெளியைப் பார்த்துக் கொடுத்தேன். அதை வாங்கி அவனும் ஒரு தடவை பார்த்தான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பிளக் சொல்வது ஒன்று, இவன் சொல்வது ஒன்று. அக்கரையில் எனக்குக் கொஞ்சம் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. "காலையில முதல் டிரிப்புல நானும் வரேன். புது பிளக் எப்படி ஓடுதுன்னு பாத்துடறேன்" என்றேன். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு.

"எதுக்கு உனக்குச் சிரமம்? அவ்வளவு சீக்கிரம் எழுந்து..."

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

"பனியா இருக்கும்."

"காதைக் கட்டிக்கறேன்."

"படகு முதல் டிரிப்புல ஈரமா இருக்கும்."

வீடு தேடி வந்து கடன் கேட்டவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

காலையில் துறைக்குப் போனபோது அண்ணி ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தார். ஒன்று கவனித்தேன். நாம் எல்லோரும் படகில் போகிற திசையைப் பார்த்துத்தான் உட்காருவோம். அண்ணி நடுப்பலகையில் பின்பக்கம் திரும்பி, மோட்டாரையும் அண்ணனையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பலகையில் ஒரு மெத்தைத் திண்டுவேறு. பகலில் நான் போகும்போது அந்தத் திண்டு எங்கே போகும்? எனக்கு ஒரு நாளும் போட்டதில்லை.

"நீயுமா வர?" என்று அண்ணி சந்தோஷமாக நகர்ந்து இடம் கொடுத்தார். வேண்டாம் என்று முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் கயிற்றை ஒரே இழுப்பு. மோட்டார் பிடித்துக்கொண்டது. என் பிளக் அப்படி. துறையை விட்டு வெளியே வந்ததும் கைப்பிடியை முழுசாக முறுக்கினான் பாருங்கள், படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறியது. அண்ணி ஒரு கையால் பலகையையும் ஒரு கையால் தலைப்பையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் நேராக ஆற்றைப் பார்த்தான், அண்ணியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நான் மெதுவாகவா ஓட்டுகிறேன் என்று காட்டுகிறானாம்.

"ஏங்க!" என்று அண்ணி கத்தினார். மோட்டார் சத்தத்தில் பாதி கரைந்து போனது. "என்ன இன்னைக்கு இந்த ஓட்டம்? காலையில மோட்டார் குளிர்ந்திருக்கும், விரட்டினா கெட்டுடும்பீங்களே?"

அண்ணன் காதில் விழாத மாதிரி இருந்தான். எனக்கு நன்றாக விழுந்தது.

"யார் அண்ணி அப்படிச் சொன்னது?"

"உங்க அண்ணன்தான். அதனாலதானே தினமும் ஊர்ந்து ஊர்ந்து போறோம்."

"குளிர்ச்சியாவது ஒண்ணாவது! துறையைத் தாண்டறதுக்குள்ள சூடாயிடும் அண்ணி. சும்மா கதை விட்டிருக்கான்!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் பிடிபட்டான். கைப்பிடியை மெல்லத் தளர்த்தினான். படகு மூக்கை இறக்கியது. மோட்டார் பட் பட் என்று அடங்கி ஓட, தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாங்க. பிளக் விக்கறவகிட்டயும் சொல்லக் கூடாது அண்ணா! முழு முறுக்கு முறுக்கறேன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னியே. அண்ணி, இவன் மெதுவா ஓட்டித்தான் பிளக் அடைச்சு நடு ஆத்துல நிக்குது. நீங்க லேட்டா போறதுக்கு மோட்டார் காரணமில்ல, இந்த மகராசன்தான் காரணம்."

அண்ணிக்கு முகம் மாறிவிட்டது. அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. "அங்க வயித்தைக் காயப்போட்டுட்டு எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? ஊசி போட்டுட்டு, சாப்பாடு வரும்னு வாசலையே பாத்துட்டு இருக்காங்க. விளையாட்டா இது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன்? எதுக்குன்னு சொல்லுங்க."

திருதிருவென்று விழித்தான். மென்று விழுங்கினான். அவன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் என்று அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"நிக்கணும்னு ஓட்டல" என்றான். "மெதுவாவும் போகணும், நிக்கவும் கூடாது. அப்படி ஒரு பிளக் கிடைக்கும்னு பாத்தேன்."

"மெதுவா எதுக்குப் போகணும்?"

"வேகமா போனா சத்தத்துல ஒண்ணும் கேக்கறதில்ல." கைப்பிடியைத் தடவினான். "வீட்டுல எங்க பேசறது? டி.வி. ஓடுது. நீ உள்ள வந்ததும் ஆளாளுக்கு உன்னைக் கூப்பிடறாங்க. சட்டை எங்க, சாவி எங்கன்னு. இங்கதான் யாரும் கூப்பிடறதில்ல. நீயும் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கற."

என் அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. எனக்கு அப்படியே ஆற்றில் குதித்து நீந்திப் போய்விடலாமா என்றிருந்தது. முன்னால் திரும்பிக்கொண்டு அக்கரையைப் பார்த்தேன். காதை மட்டும் திருப்ப முடியவில்லை. உண்மையைச் சொன்னால் திருப்ப மனசும் இல்லை.

அண்ணி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "நான் எதுக்கு ரூம் எடுத்துக்கறேன்னு சொன்னேன், என்ன நினைச்சீங்க?" என்றார்.

"லேட்டாகுதுன்னு."

"லேட்டானா திட்டு வாங்கிப்பேன். நான் வாங்காத திட்டா? உங்க தோளைப் பாருங்க. கயிறு இழுத்து இழுத்து வீங்கிக் கிடக்கு. கையைத் தூக்க முடியாம ஒரு பக்கமா சாஞ்சு சட்டை மாட்டறீங்க, நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா? நான் அங்க தங்கிட்டா இந்த விடிகாலை டிரிப்பே வேண்டாம். படுத்துத் தூங்குவீங்களேன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"எனக்குத் தோள் வலின்னு சொன்னேனா?"

"நீங்க எதைத்தான் சொல்லியிருக்கீங்க?"

மோட்டார் பட் பட் என்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அண்ணன் ரொம்ப மெதுவாகக் கேட்டான். "அப்ப உனக்குப் போகணும்னு இல்லையா?"

"எனக்கு என்ன பைத்தியமா" என்றார் அண்ணி. உடனே தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்ப முறுக்குங்க. பால் வைக்கணும்" என்று ஒரு அதட்டல் போட்டார்.

முறுக்கினான். அன்றைக்கு அண்ணி வாட்ச்மேனுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்.

அடுத்த லீவு நாளில் அண்ணி தனியாக என் கடைக்கு வந்தார். அவர் பிளக் வாங்க வந்தது அதுதான் முதல் தடவை. முக்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே விஷயத்துக்கு வந்தார்.

"அந்த ரூமைச் சலவைப் பிரிவுல ஒரு பொண்ணுக்குக் கொடுக்கச் சொல்லிட்டேன். அவளுக்குத்தான் அவசியம். இப்ப நீ சொல்லு, மெதுவா போனாலும் அடைக்காத பிளக் இருக்கா?"

"இருக்கு அண்ணி. ஒரு நம்பர் சூடானது. தன் வாயில சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், ஆயிலை எரிச்சுடும், எவ்வளவு மெதுவா வேணும்னாலும் போகலாம். ஆனா அதைப் போட்டுக்கிட்டு பகல்ல ஆளை ஏத்திட்டு அவன் விரட்டற விரட்டுக்கு பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும். மெதுவா போறதுக்கு ஒண்ணு, வேகமா போறதுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே பிளக் கம்பெனிக்காரன் செய்யல."

அண்ணி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அப்ப அது ஒரு ஜோடி கொடு. காலையில அதைப் போட்டுக்கறோம். அக்கரையில இறங்கினதும் கழட்டிட்டு மத்ததை மாட்டிக்கட்டும்."

"தினமுமா?" எனக்கு வாய் பிளந்தது. பல வருஷமாக மோட்டார் சாமான் விற்கிறேன், ஒரு டிரிப்புக்கு ஒரு ஜோடி, மற்ற டிரிப்புக்கு இன்னொரு ஜோடி என்று பிளக் வாங்கிய குடும்பத்தை நான் பார்த்ததில்லை. "அவன் பிளக் மாட்டி முடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும் அண்ணி. ராக்கெட் அத்தனை ஆளையும் ஏத்திட்டுப் போயிடுவான்."

"அவர் கையில கொடுத்தாத்தானே? ஸ்பானர் ஒண்ணும் சேர்த்துக் கொடு. நானே கழட்டி மாட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன். வீட்டை விட்டுக் கொஞ்சம் முன்னாடியே கிளம்பினா எல்லாம் சரியா வரும். பசங்க அவங்க சட்டையை அவங்களே தேடிக்கட்டும்."

எடுத்துக் கொடுத்தேன். கேஜ் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன், இது அண்ணனுக்கு இல்லை, அண்ணிக்கு. ஆனால் ஒரு விஷயம் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. வீட்டில் ஊமை, துறையில் ஊமை, என் கடையில் பிளக் நம்பரைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவன். ஒரு மோட்டாரையே கெடுத்துக்கொண்டு அங்கே நடு ஆற்றில் என்னதான் பேசுவான்? கேட்டுவிட்டேன்.

அண்ணி சிரித்தார். "வேற என்ன, பிளக்கைப் பத்தித்தான். எந்த நம்பர், எது நீளம், எதுல கூட ஒரு எழுத்து இருக்கு, நீ எதைப் பிடுங்கி வச்சுக்கிட்ட. கரை வர்ற வரைக்கும் அதேதான்."

"அடக் கடவுளே! இதைக் கேக்கவா அண்ணி ரெண்டாவது ஜோடி வாங்கறீங்க?"

"அவர் பேசறாரே" என்றார் அண்ணி.